பிரேயர் வரிசையின் கடைசிப் பையன்

அன்புள்ள டாக்டர்,

பல்லடம் பக்கம் ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழரை வயது, இரண்டாம் வகுப்பு. ஒரே வருடத்தில் இரண்டு சைஸ் சட்டை மாற்றிவிட்டோம். வகுப்பிலேயே அவன்தான் உயரம். ஆறு மாதமாக வியர்வை நாற்றம், முகத்தில் பரு, அடிவயிற்றுக்குக் கீழே முடி. குரலும் கட்டையாகிறது. மனைவி பயந்துபோய் பிராய்லர் கோழியை நிறுத்திவிட்டாள். அம்மாவோ, "உன் வாகுடா, ஆம்பளப் புள்ள வெரசா வளந்தா நல்லதுதானே" என்கிறார். எனக்கும் ஐந்தாம் வகுப்பிலேயே மீசை அரும்பியது உண்மை. மனைவி எனக்கு அத்தை மகள்தான். பக்கத்து கிளினிக்கில் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். இதை விட்டுவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

விடக்கூடாது. இந்த வாரமே காட்டுங்கள். அதை முதலில் சொல்லிவிட்டேன், மீதியை நிதானமாக வாசியுங்கள்.

பெண் குழந்தைக்கு ஏழு வயதில் மார்பு அரும்பினால் அம்மா மறுநாளே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பையனைப் பார்க்க அந்தக் கண் யாருக்கும் இல்லை. அவன் வளர்த்தியை ஊரே மெச்சுகிறது. நானும் மெச்சியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சலோடு வந்த ஆறு வயதுப் பையன் ஒருவனைத் தட்டிக்கொடுத்து "நல்ல வாட்டசாட்டமா இருக்கானே" என்றேன். தொண்டை பார்த்தேன், நெஞ்சு பார்த்தேன், டவுசரை இறக்கிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிரேயர் வரிசையில் கடைசியில் நின்றவன் அவன். பத்தாம் வகுப்பில் அதே வரிசையில் முதல் ஆளாக நின்றான். ஐந்தடிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோன பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

சீக்கிரம் வளர்கிற பையன் ஏன் குள்ளமாகிறான்? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முதலில் எலும்பை வேகமாக நீட்டுகிறது. அதில் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறி, எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டை மூடிவிடுகிறது. ஆமாம், பையன்களுக்கும் அதை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான். பதினாறு வயதில் மூட வேண்டியது பன்னிரண்டில் மூடினால், அந்த நான்கு வருட வளர்த்தி போனது போனதுதான்.

9 வயதுக்கு முன்னால் பையனிடம் பருவ மாற்றம் தெரிந்தால் அதை முன்கூட்டிய பருவம் என்கிறோம். மீசையையோ முடியையோ வைத்து மட்டும் அதை முடிவு செய்வதில்லை. எங்கள் மேஜையில் ஒரு மணிச்சரம் கிடக்கும். கோர்த்த பன்னிரண்டு நீள்வட்ட மணிகள், 1 மில்லியில் தொடங்கி 25 மில்லி வரை. சூரிச்சைச் சேர்ந்த ஆந்த்ரேயா பிராடர் என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கியது. ஒரு கையால் விரையைத் தொட்டுப் பார்த்து, மறுகையால் அதே அளவு மணியைத் தேட வேண்டும். 4 மில்லி மணியைத் தொட்டுவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது. விலை அதிகமில்லாத இந்தச் சரம் சொல்லும் சேதி ஸ்கேனுக்கு முன்பே பாதி வழியைக் காட்டிவிடும்.

இரண்டு விரையும் பெரிதாகியிருந்தால் பெரும்பாலும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது என்று பொருள். மற்ற அடையாளங்கள் எல்லாம் முன்னேறியிருக்க, விரை மட்டும் சின்னப் பிள்ளையுடையதாகவே இருந்தால் ஆண் ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது, பெரும்பாலும் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து. ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் அங்கே கட்டியைத் தேட வேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின.

ஒன்று, அத்தை மகள். அட்ரினல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் உடம்புக்கு அவசியமான கார்டிசால் என்ற ஹார்மோன் போதுமான அளவு உண்டாகாது. மூளை விடாமல் விரட்ட, சுரப்பி பருத்து, கார்டிசாலுக்குப் பதில் ஆண் ஹார்மோனைக் கொட்டுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும், அதனால் சொந்தத்தில் முடித்த கல்யாணங்களில் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4இல் 1 பங்கு. பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் வித்தியாசம் தெரிவதால் பிறந்த அன்றே பிடித்துவிடலாம். பையன் பார்வைக்குச் சரியாக இருப்பான். உப்பிழப்பு உள்ள கடும் வகை என்றால் சில வாரங்களிலேயே வாந்தியும் மயக்கமுமாக வந்துவிடும். மிதமான வகை, இப்படி இரண்டாம் வகுப்பு வரை ஒளிந்திருக்கும். நான் தவறவிட்ட பையனுக்கு இருந்ததும் இதுதான். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டு, உங்கள் மீசை. "அப்பன் வாகு" என்பதை ஆறுதலாகச் சொல்கிறார்கள், எனக்கு அது துப்பு. விரைகள் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தாமாகவே வேலை செய்யும் ஒரு கோளாறு அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். மூளை வழி வருகிற வகையிலும் அப்பன் வாகு உண்டு: எம்கேஆர்என்3 என்ற மரபணுவுக்கு இதில் பங்கு இருப்பதை 2013இல் கண்டுபிடித்தார்கள். பருவத்தைக் குழந்தைப் பருவம் முழுக்கத் தடுத்து வைத்திருப்பது அது. அதில் அம்மா வழிப் பிரதி உறங்கிக்கிடக்கும், அப்பா வழிப் பிரதிதான் விழித்திருக்கும். ஆகவே பழுது அப்பா வழியில் வந்தால் மட்டுமே பிள்ளைக்குப் பருவம் முந்தும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பத்து வயது மீசை சிலருக்கு இயல்பாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூளையிலிருந்து வருகிற வகையைப் பயமுறுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றும் அகப்படாது. பையன்களுக்கு ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் பையனுக்கு மூளை எம்ஆர்ஐ-யைத் தவிர்க்கக்கூடாது என்கிறோம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஹமர்டோமா என்ற சிறு திசுத்திரள் இருக்கலாம், அது புற்றுநோய் இல்லை. சிரிக்க ஒன்றும் இல்லாதபோது திடீரென்று சில நொடி சிரித்து நிறுத்துகிறானா என்று கவனியுங்கள். அந்தச் சிரிப்பு ஒரு வகை வலிப்பு. பழைய மூளைக்காய்ச்சல், தலையில் நீர் கோர்த்தது, கதிர்வீச்சு வைத்தியம் இருந்தாலும் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவினால் தோலோடு தோல் பட்டே பிள்ளைக்கு ஏறிவிடும். 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை போடவைத்தது.

பிராய்லர் கோழியை விடுங்கள். நாற்பது நாளில் அது அந்த எடைக்கு வருவது இனத்தாலும் தீவனத்தாலும், ஊசியால் அல்ல. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோழியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் மாதங்கள்தான் எனக்குக் கவலை.

முடியும் வியர்வை நாற்றமும் மட்டும் என்றால், அட்ரினல் கொஞ்சம் முந்திக்கொண்ட சாதாரண விஷயமாக இருக்கலாம் என்று சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தே வேண்டாம். ஆனால் குரல் கட்டையாவதும் சட்டை சைஸ் ஏறுவதும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

முதலில் இடது கை எக்ஸ்ரே எடுப்பார்கள். மணிக்கட்டின் சிறு எலும்புகளைப் பார்த்து எலும்பின் வயதைச் சொல்லலாம். ஏழரை வயதுப் பையனின் கை பதினொன்று காட்டினால் அவசரம் புரிந்துவிடும். கூடவே ரத்தத்தில் எல்எச் (மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவு ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, பீட்டா எச்சிஜி (சில கட்டிகள் சுரக்கும் ஹார்மோன்). சந்தேகம் தீராவிட்டால் ஊசி போட்டு எல்எச் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள்.

மூளை வழி வந்தது என்றால் மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ, அந்த உத்தரவை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி. உரிய வயதில் நிறுத்தினால் பருவம் தானாகத் தொடரும், ஆண்மைக்குக் கேடில்லை. அட்ரினல் என்றால் தினமும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். உடம்பு செய்யத் தவறியதைத்தான் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் கடிதத்தில் பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரியும் இல்லை. உடம்பைப் பார்த்து அவனைப் பத்து வயதுப் பிள்ளையாக நடத்துவார்கள், ஆனால் அவனுக்கு ஏழரைதான். இருட்டுக்குப் பயப்படுவான், அம்மா மடியில் படுப்பான். "என்னடா, இதுக்குள்ள மீசையா" என்று மாமாக்கள் கேட்டால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். டாக்டர் எங்கே தொடுவார், ஏன் தொடுவார் என்பதை வீட்டிலேயே அவனிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள், நீங்களோ அவன் அம்மாவோ அறையிலேயே இருங்கள்.

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். ஊரில் இல்லையென்றால் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவு. அங்கன்வாடி அட்டை, பள்ளியில் எடுத்த உயரக் கணக்கு எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரம், மனைவி உயரம், உங்கள் அப்பாவின் உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.