மருத்துவக் கேள்வி-பதில்: விந்துப் பரிசோதனை சரியென்றால் டி.என்.ஏ. பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு 36 வயது. ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பகுதியில் வேலை செய்கிறேன். திருமணமாகி ஐந்து வருடங்களாகின்றன. மனைவி இரண்டு தடவை கருத்தரித்தும், இரண்டுமே மூன்று மாதம் நிறைவதற்குள் கலைந்துவிட்டன. என் விந்துப் பரிசோதனை அறிக்கை சாதாரணம் என்கிறார்கள். ஆனால் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் விந்தணுவின் டி.என்.ஏ.யையும் பார்க்கச் சொல்கிறார்கள். செலவு அதிகம். இது அவசியமா, டொக்டர்? குறை மருமகளிடம்தான் என்கிறார் அம்மா.

பதில்: உங்கள் கையிலுள்ள அறிக்கை முக்கியமாகச் சொல்வது விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைத்தான். கொழுந்து நிறுக்கும் தராசு எடையைச் சொல்லுமே தவிர இலையின் தரத்தைச் சொல்லாது. விந்தணுவின் தலைக்குள் மிக இறுக்கமாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் டி.என்.ஏ. இழைகளில் முறிவுகள் இருந்தாலும், அந்த விந்தணு நன்றாக நீந்தவும் கருமுட்டையை அடையவும் கூடும். சிறு முறிவுகளைக் கருமுட்டையே ஓரளவு சீர்செய்துவிடும். சேதம் அதிகமாக இருந்தாலோ பெண்ணின் வயது கூடியிருந்தாலோ அந்தத் திறன் போதாமல் போய், கரு கலையும் வாய்ப்புக் கூடலாம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவையில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட விந்துப் பரிசோதனைக் கையேட்டின் ஆறாவது பதிப்பு இதை அடிப்படைப் பரிசோதனைகளில் சேர்க்காமல் விரிவான பரிசோதனைகளின் கீழேயே வைத்திருக்கிறது. ஆனால் கரு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை கலைந்த தம்பதியரில் ஆணுக்கு இதைச் செய்து பார்ப்பது நியாயமானதென ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டல்கள் கருதுகின்றன. உங்கள் நிலை அதுதான். ஆகவே உங்களுக்குக் கூறப்பட்ட ஆலோசனை வீணானதல்ல.

எனினும் பணம் கட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை உள்ளன. வைத்தியர் ஒருவர் உங்களை நேரில் பரிசோதித்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. விதைப்பையின் நாளங்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் நிலை டி.என்.ஏ. சேதத்துக்கு நன்கு அறியப்பட்ட காரணம். அதைக் கையால் தொட்டே கண்டறியலாம், சத்திரசிகிச்சையால் சரிசெய்யவும் முடியும். புகைத்தல், நீரிழிவு, தொற்று, அண்மையில் வந்த கடும் காய்ச்சல் ஆகியவையும் காரணமாகலாம். விதைகள் உடல் வெப்பத்தைவிடச் சில பாகை குறைந்த வெப்பத்திலேயே நன்கு இயங்குவதால், உலர்த்தியின் அருகே நாள்முழுதும் நிற்பதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் சில மாதங்களுக்கு வேறு பிரிவில் வேலை கேட்டுப் பாருங்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்களாகும் என்பதால், எந்த மாற்றத்தின் பலனையும் அதற்கு முன் எதிர்பார்க்க முடியாது. ‘விந்தணுவைப் பலப்படுத்தும்’ என்று விற்கப்படும் விலையுயர்ந்த விற்றமின் மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அவற்றை எடுத்தவர்களுக்கு டி.என்.ஏ. சேதம் குறையவில்லை.

டி.என்.ஏ. பரிசோதனை அறிக்கையில் வரும், சேதமடைந்த விந்தணுக்களின் சதவீதத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட சேதம் அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் பரிசோதனை முறைகள் பல, ஒன்றின் எல்லை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதிகமென்று வந்தாலும் இயல்பாகக் குழந்தை பிறந்தவர்கள் உண்டு. குறைவென்று வந்தாலும் கரு கலையலாம்.

கரு கலைவதற்குப் பெண்ணின் உடல்நிலை, ஆணின் விந்தணு, தற்செயலாக நேரும் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறு என எதுவும் காரணமாகலாம். பல வேளைகளில் காரணமே தெரியாமல் போகும். ஆகவே மனைவிக்குரிய பரிசோதனைகளும் உங்களுடையவையும் சமகாலத்தில் நடக்கட்டும். அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். மருமகளே தன் பக்கம் பேசும் நிலை வரக்கூடாது.

மாதிரியை வீட்டில் எடுத்துக்கொண்டு புறப்படுவது பயன் தராது. எடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். ஹட்டனிலிருந்து கண்டிக்கே பஸ்ஸில் அதைவிட நேரமாகும். உறவு கொள்ளாமல் எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, அதன்படி திகதி வாங்கி, மாதிரியை அங்கேயே கொடுங்கள். நாட்கள் நீண்டால் சேதம் கூடுதலாகக் காட்டக்கூடும்.