சாரல் சீசனில் கூந்தன்குளம் போகலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். மே மாதம் கோயில் கொடைக்கும், ஆடியில் குற்றாலத்துக்கும் வருவோம். பிள்ளைகளுக்குக் கூந்தன்குளத்துப் பறவைகளையும் வல்லநாட்டு வெளிமான்களையும் காட்ட எது தோதான சமயம்?

பதில்: இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் மே. பறவைகளுக்கு ஆடி அநேகமாக வீண்.

குற்றாலத்தில் சாரல் என்றால் நெல்லைப் பக்கமே குளிர்ந்து கிடக்கும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையிலேயே கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகக் கிழக்கே இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. காற்றாலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம், குளங்களுக்கு இல்லை. நாங்குநேரிப் பக்கத்துக் குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரிலும்தான்.

அதனால் கூந்தன்குளத்துக்கு மாதத்தைக் கேட்காதீர்கள், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேளுங்கள். மார்கழியில் நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். மணிமுத்தாற்றின் முழு உயரம் 118 அடி. அணை அதை நெருங்கி, கால்வாயும் திறந்திருந்தால் அந்த ஆண்டு பறவைகளை நம்பிக் கிளம்பலாம். மழை பொய்த்த ஆண்டில் நாரைகள் கூடு கட்டாமலே போய்விடும். பாதியில் தண்ணீர் வற்றினால் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது.

நல்ல ஆண்டில் தை, மாசிதான் உச்சம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அப்போது இருக்கும். அவை இரவிலும் விடியலிலும் பிசானப் பருவ நெல் வயல்களில் மேய்ந்துவிட்டு, பகலில் குளத்தோரம் ஓய்வெடுக்கும். வெயில் ஏறிய பிறகும் பார்க்க முடிவது அவற்றைத்தான். பங்குனிக்குள் கிளம்பிவிடும். மே மாதம் வாத்துகள் இருக்காது. தண்ணீர் மிச்சமிருந்தால் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் (பெலிகன்) வளர்ந்த குஞ்சுகளோடு ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு இதுவே நல்ல காட்சி. குளக்கரைமேல் ஏறி நடக்காதீர்கள்; வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெரிந்ததும் கூட்டம் எழும்பிவிடும். பார்வைக் கோபுரத்திலிருந்து பாருங்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு கண்ணில் பட்டால் தொடாமல் வனக்காவலரிடமோ ஊர்க்காரர்களிடமோ சொல்லுங்கள். தீபாவளிக்கும் வெடி போடாமல் பறவைகளைக் காத்துவரும் ஊர் அது.

வல்லநாடு வேறு கணக்கு. தூத்துக்குடி சாலையில், நெல்லையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். 1987இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இது. இங்கே வறட்சி நமக்குச் சாதகம்: மழைக்குப் பின் புதர் தழைத்து மான்களை மறைத்துவிடும், கோடையில் தரை திறந்து கிடக்கும். ஆனால் மே மாத வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் அவை உடைமர நிழலில் படுத்துவிடும். பத்து மணிக்குப் பிறகு தரைச்சூட்டில் காற்றே நெளியும். தூரத்து மானை எவ்வளவு விலையுள்ள கேமராவில் எடுத்தாலும் கலங்கித்தான் வரும். ஆறு மணிக்கே அங்கே இருங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லநாட்டுக்கு ஆடியில் வருவதானால் காற்றைக் கவனியுங்கள். மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் கிழக்குப் பக்கமிருந்து மேற்கு நோக்கி நடந்தால் காற்று முகத்தில் படும். உங்கள் வாடை மானுக்குப் போகாது, சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் அதே திசையில் கண் கூசும். தை மாதம் வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்றில் இது தலைகீழ், மாலைதான் தோது. காற்றுக் காலத்தில் 10 மடங்கு பைனாகுலர் கையில் ஆடும். 8 மடங்கே போதும்.

நடக்கும்போது தரையையும் பாருங்கள். தனக்கென்று எல்லை பிடித்த கிடா (ஆண் மான்) திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போடும். குவியலின் மேல் கறுத்து ஈரமாகப் பளபளத்தால் கிடா சற்று முன்தான் வந்துபோயிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துக் காத்திருக்கலாம். வெளுத்து உதிர்ந்தால் மேலே நடங்கள். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் வளர்ந்த கிடாவுக்குத்தான். பெட்டையும் குட்டியும் மங்கிய பழுப்பு நிறம், காய்ந்த புல்லோடு புல்லாகத் தெரியும். ரப்பர் செருப்பு வேண்டாம், உடைமுள் அடிவரை ஏறும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

மே பயணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலை ஆறு முதல் எட்டரை வரை வல்லநாடு. பகலில் பாளையங்கோட்டையில் சாப்பாடும் ஓய்வும். அங்கே 38, 39 டிகிரி சாதாரணம். மாலை நான்கு மணிக்கு மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம், அதுவும் தண்ணீர் இருப்பதாக ஊரில் விசாரித்த பிறகு. பின்னொரு வருடம் அரையாண்டு விடுமுறையில் வர நினைத்தால் டிசம்பர் கடைசி வாரத்தில் வாருங்கள். நடு டிசம்பரை நம்ப முடியாது. 2023இல் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் இந்தப் பக்கத்துச் சாலைகள் பல இடங்களில் அறுந்துபோயின.