பழத்தட்டு ஓவியத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: அன்னாசி, மாம்பழம், பப்பாளி எல்லாம் வைத்து வரைந்த ஸ்டில் லைஃப் ஓவியங்களைப் பார்த்தால் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் தோன்றுவதில்லை. எப்படித்தான் ரசிப்பது?

மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவுதான் தோன்றும். ஒரே ஒரு பழத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கண் முதலில் போவது அன்னாசிக்கு. ஓவியர் பழத்தைப் பார்த்து வரைந்தாரா, குத்துமதிப்பாக வரைந்தாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அன்னாசியின் கண்கள் கம்பிவலை மாதிரி நேர்கோட்டில் போகாது, சுருளாக ஏறும். பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து 8 வரிசை, எதிர்ப்பக்கம் சாய்ந்து 13. படத்தில் பாதிப் பழம்தான் தெரியும், எண்ண முடியாது. ஆனால் நடுவில் அகலமாக இருக்கும் கண், ஓரத்துக்குப் போகப்போக ஒடுங்குகிறதா என்று பார்க்கலாம். ஒடுங்காவிட்டால் பழத்துக்கு உருட்சி வராது. நிறமும் அப்படித்தான்: அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுக்கும் பழம் அது, கொண்டைப் பக்கம் கடைசிவரை பச்சை இருக்கும். சந்தேகமிருந்தால் பெங்களூரு சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட் பழக்கடைகளில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அடுத்து பளபளப்பு. மாம்பழத் தோலில் வெளிச்சம் மங்கலாகப் பரவும். வெட்டிய பப்பாளியின் ஈர விதையில் ஊசிமுனைப் புள்ளியாக நிற்கும். இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் தீற்றல் போட்டிருந்தால் எல்லாம் பிளாஸ்டிக் பழம்தான். (தோல்மேல் நீர்த்துளி வரைவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஹோட்டல் வரவேற்பறைக்குச் சரி.) நிழலும் வெறும் கறுப்பாக இருக்கக் கூடாது. மாம்பழத்தின் நிழலில் கொஞ்சம் மஞ்சள் கசிய வேண்டும்.

இதையெல்லாம் ஓரிடத்தில் பார்க்க ஆல்பர்ட் எக்ஹவுட் என்ற டச்சு ஓவியரைத் தேடிப் பாருங்கள். 1637 முதல் 1644 வரை, அப்போது டச்சுக்காரர் கையில் இருந்த வடகிழக்கு பிரேசிலில் ஆளுநர் யோஹான் மவுரிட்ஸுக்காக வேலை பார்த்தவர். அவருடைய 12 பழ, காய்கறி ஓவியங்கள் இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டச்சு ஸ்டில் லைஃப் என்றாலே இருட்டு அறை, வெள்ளித்தட்டு. இவரோ பழங்களைத் திண்ணை போன்ற ஒரு விளிம்பில் அடுக்கி, பின்னால் மேகம் திரண்ட வானத்தை வைத்துவிட்டார். கண்மட்டம் தாழ்ந்திருப்பதால் தர்ப்பூசணியும் அன்னாசியும் குன்று மாதிரி எழுந்து நிற்கும். வெட்டிய தர்ப்பூசணியின் ஈரச் சிவப்புக்குப் பின்னால் அந்தச் சாம்பல் வானம்! அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. தர்ப்பூசணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா, அன்னாசி தென் அமெரிக்கா. காலனிக் கப்பல்களின் கணக்கும் அந்த விளிம்பிலேயே கிடக்கிறது.

நேரில் பழகிக்கொள்ள, ஜனவரியில் பெங்களூரு குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தைக்குப் போங்கள். வரைந்தவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பழத்தைப் பார்த்தா, போட்டோவைப் பார்த்தா என்று தைரியமாகக் கேளுங்கள், நிறையப் பேர் ஆசையாகவே பேசுவார்கள். தமிழ்நாட்டு ஓவியர்களும் வருவதால் கன்னடம் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம்.