பட்டான் அணு உலை: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸின் பட்டான் அணுமின் நிலையத்தை ‘மறந்துவிட வேண்டிய கட்டடம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். 621 மெகாவாட் உலை. 200 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் 40 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதே வகையைச் சேர்ந்த ஸ்லோவேனியாவின் கிர்ஷ்கோ உலை இன்றும் ஓடுகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் அல்லவா? எரிமலைப் பயம் உங்களையும் தொற்றிக்கொண்டதோ?

கே.

அன்புள்ள கே.,

எரிமலைக்குப் பயந்து அப்படி எழுதவில்லை. நாத்திப் எரிமலையருகே உலை கட்டியது புத்திசாலித்தனம் அல்ல என்பது என் எண்ணம். ஆனால் 1991-இல் பினத்துபோ எரிமலை வெடித்தபோதும் அந்தக் கட்டடம் நின்றது; அதை மறைக்க மாட்டேன்.

எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன ஆயிரம் பொன்தான். இறந்த யானையில் விலைபோவது தந்தம். இந்த யானையின் தந்தத்தைக் கட்டும்போதே எடுத்துவிட்டார்கள். உலையைக் கட்டிய அன்றைய அதிபர் மார்க்கோஸின் நெருங்கிய சகா எர்மினியோ திசினி இதில் தரகுப் பணம் பெற்றது பின்னாளில் நீதிமன்றத்திலேயே நிரூபணமானது. செர்னோபில் விபத்து நடந்த 1986-இல், மார்க்கோஸுக்குப் பின் வந்த கோரி அக்கினோ அரசு உலையை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. கடன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அடைத்து முடிக்க 2007 ஆனது. ஊர்ப் பெயர் பட்டான், பட்டதோ மக்கள். கொடுத்த பணத்துக்கு ஒரு விளக்காவது எரியட்டும் என்ற அவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போன பணம் போனதுதான். இனிமேல் போடும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே கணக்கு.

கிர்ஷ்கோவை உதாரணம் காட்டுகிறீர்கள். அது ஓடியபடியே புதுப்பிக்கப்பட்ட உலை. 2000-இல் அதன் நீராவி ஆக்கிகளையே மாற்றினார்கள். எரிபொருள் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் எது தேய்ந்தது, எது தாங்கும் என்று பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. பட்டானில் எரிபொருளே ஏற்றவில்லை. அன்று முப்பது வயதில் பயிற்சி முடித்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். இத்தனை ஆண்டுகளும் அந்த இயந்திரங்களைத் துடைத்துக் காத்துவரும் ஊழியர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பூஜையறையில் வைத்துத் துடைத்த வீணையைக் கச்சேரிக்கு எடுத்துப் போக முடியுமா?

2024 அக்டோபரில் தென்கொரிய அரசு நிறுவனம் ஒன்று சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒப்பந்தம் செய்தது. இதே வகை உலையைத் தங்கள் நாட்டில் ஓட்டியவர்கள் அவர்கள். அப்பா மார்க்கோஸ் கட்டியதைப் பின்னாளில் அதிபரான மகன் திறக்க ஆசைப்படுவது அரசியல், அது கிடக்கட்டும். அறிக்கையை முழுமையாக வெளியிட்டால் முதலில் கேபிள்களைப் பற்றிய பகுதியைத்தான் புரட்டுவேன். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் அவற்றின் மேலுறை, மின்சாரம் பாயாவிட்டாலும் கடற்கரை வெக்கையில் முதிர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு உருவி மாற்ற வேண்டும் என்று அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்வதா என்று பார்க்கிறேன்.