மூளையைச் சுற்றித் தேங்கிய ரத்தத்தை மாத்திரையால் கரைக்க முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. ஏழு வாரங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் லேசான வீக்கம் மட்டுமே இருந்ததால் மருத்துவரிடம் செல்லவில்லை. இப்போது பத்து நாட்களாக இடது காலை இழுத்து நடக்கிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பகலிலும் தூங்குகிறார். சி.டி. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் 19 மி.மீ. தடிமனுக்கு ரத்தம் தேங்கியிருப்பதாகவும், மூளையின் நடுக்கோடு 9 மி.மீ. விலகியிருப்பதாகவும், அறுவை சிகிச்சை தேவை என்றும் கூறுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இந்த வயதில் மண்டையைத் திறக்கத்தான் வேண்டுமா? மாத்திரையால் கரைக்க முடியாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தைக்கு அறுவை சிகிச்சை தேவை, அதைத் தள்ளிப்போடவும் கூடாது. நடுக்கோடு 9 மி.மீ. விலகி, கால் பலவீனமும் பகல் தூக்கமும் சேர்ந்துவிட்ட நிலையில், மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது அவரை ஆபத்தில் தள்ளிவிடும்.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து டியூரா என்னும் தடித்த உறைக்குச் செல்லும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சாதாரணமாகத் தலை இடித்தால்கூட அவற்றில் ஒன்று கிழிந்துவிடலாம். சிரையிலிருந்து ரத்தம் மெதுவாகவே கசியும் என்பதாலும், சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதாலும், விழுந்த அன்று எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. அதன் பிறகு தேங்கிய ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகிறது; அந்தச் சவ்வில் முளைக்கும் புதிய ரத்தக் குழாய்கள் மிக மென்மையானவை என்பதால் திரும்பத் திரும்பக் கசிந்து, வாரக்கணக்கில் தேக்கத்தைப் பெருக்குகின்றன. ஆஸ்பிரின் இந்தக் கசிவுக்குத் துணைபோகிறது.

இந்த நோயை 'வயதாகிவிட்டது' என்றோ, மறதி நோய் என்றோ குடும்பத்தினர் எண்ணிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பக்கவாதம் என்று கருதி, ஸ்கேன் எடுக்காமலேயே ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்தைத் தொடங்கினால் விளைவு இன்னும் மோசமாகும். முதியவர் ஒருவரின் நடையோ நினைவோ விழிப்போ சில வாரங்களுக்குள் மாறினால், அவர் விழுந்தது யாருக்கும் நினைவில் இல்லாவிட்டாலும், சாதாரண சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். விழுந்த சில வாரங்களில் ஒரு கட்டத்தில் தேங்கிய ரத்தம் மூளையின் நிறத்திலேயே தெரியும் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. உதவும்.

நீங்கள் அஞ்சுவதுபோல் மண்டை ஓட்டைப் பெரிதாகத் திறக்கும் அறுவை சிகிச்சையும் அல்ல இது. ஏழு வாரங்களில் அந்த ரத்தம் பெரும்பாலும் உறைவாக இல்லாமல், பழைய என்ஜின் ஆயில்போல் திரவமாகிவிட்டிருக்கும். ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஓரிரு துளைகள் இட்டு, டியூராவைக் கீறினால் அது தானாக வெளியேறும். பிறகு உப்புநீர் விட்டுக் கழுவுவார்கள். இதய நோயாளிகளுக்கு, தேவைப்பட்டால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் இதைச் செய்ய முடியும். மறக்காமல் ஒன்று கேளுங்கள்: துளை வழியே இரண்டு நாட்களுக்கு வடிகுழாய் வைப்பார்களா? கேம்பிரிட்ஜில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வடிகுழாய் வைக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கு ரத்தம் மீண்டும் தேங்கியது. வைத்தவர்களில் அது 9 சதவீதம்தான்.

மாத்திரை என்று நீங்கள் கேட்பது டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். பிரிட்டனில் 748 நோயாளிகளிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை குறைந்தது உண்மை, ஆனால் ஆறு மாதங்களின் முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள், மருந்து எடுக்காதவர்களில் 90 சதவீதம், எடுத்தவர்களில் 84 சதவீதம், பக்கவிளைவுகளும் மிகுதி. சவ்வுக்கு ரத்தம் தரும் தமனியை அடைக்கும் புதிய முறை, அறுவை சிகிச்சையுடன் சேர்த்துச் செய்யும்போது ரத்தம் மீண்டும் தேங்குவதைக் குறைப்பதாக 2024-இல் வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதன் பலன் தெரிய வாரங்கள் ஆகும்; உங்கள் தந்தைக்கு அந்த அவகாசம் இல்லை.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அறுவை சிகிச்சை நிபுணரும் இதய மருத்துவரும் இன்றே பேசி முடிவெடுக்கட்டும். ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால், தற்காலிகமாக நிறுத்துவது பெரும்பாலும் சாத்தியமே. நிறுத்தினாலும் அதன் விளைவு ஒரு வாரம் வரை நீடிக்கும் என்பதற்காக, விழிப்பு குறைந்துவரும் நோயாளியைக் காக்க வைக்க மாட்டார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரத்தம் மீண்டும் தேங்குதல், வலிப்பு, தொற்று, நுரையீரல் சளி ஆகியவை 74 வயதில் நேரக்கூடியவையே. ஆயினும், முதுமையிலும் நல்ல பலன் தரும் மூளை அறுவை சிகிச்சைகளில் இது முக்கியமானது. பலருக்குக் காலின் பலவீனம் சில நாட்களிலேயே குறையத் தொடங்குகிறது.

ஸ்கேன் படங்களையும், இதயச் சிகிச்சைக் குறிப்புகளையும், மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வாந்தி, வலிப்பு, ஒரு கண்ணின் பாவை விரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.