சைலன்சரில் கரி: எது செலவு, எது சும்மா?

கேள்வி: ஆறு வயது பெட்ரோல் கார். அலுவலகம் 3 கிலோமீட்டர்தான். சைலன்சர் வாய் கறுத்திருக்கிறது என்று சர்வீஸில் 'டீகார்பனைசிங்' (இஞ்சினுக்குள் படிந்த கரியை எடுப்பது) செய்ய 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். இஞ்சின் ஆறிய பிறகு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் குழாயின் உட்புறம் துடைத்துப் பாருங்கள். உலர்ந்த கறுப்புத் தூளாக உதிர்ந்தால் அது பெட்ரோல் சரியாக எரியாத கரி. பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசையோடு வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. வைத்தியம் வேறு வேறு.

மூன்று கிலோமீட்டரில் இஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. ஆறிய இஞ்சினுக்குக் காரின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், அதில் கரி வரும். குழாயும் குளிர்ந்திருப்பதால் நீராவி அங்கேயே தண்ணீராகிக் கரியை அப்பிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தரையில் கறுப்புச் சொட்டு விழுவது இதனால்தான். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் ஓட்டினால் போதும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ கார்களில் கரி இன்னும் அதிகம் படியும். அதுவும் இயல்பே.

மைலேஜ் குறைந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால்தான் கவலை. அப்போதும் விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிறகு ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் வெப்ப சென்சார், கடைசியில் ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் குழல்). வெப்ப சென்சார் பழுதானால் சூடான இஞ்சினைக்கூட ஆறியதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் 'லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம்' (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம் போகிறது, கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் போராடுகிறது என்று பொருள்.

இந்த டீகார்பனைசிங் வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே சுத்தம் செய்தால், சில வாரங்களில் குழாய் மறுபடி கறுக்கும். நேரடித் தெளிப்பு இஞ்சினில் உண்மையிலேயே கரி சேர்ந்து தொல்லை கொடுக்கும் இடம் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகு. பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை. டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து மட்டும் எப்படிப் போகும்? இழுவை குறைந்ததா, ஐடிலில் உதறுகிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் பில் போடுபவரிடம் காரை விடாதீர்கள்.

கேள்வி: 2021 டீசல் எஸ்யூவி பார்த்திருக்கிறேன். சைலன்சருக்குள் கன்னங்கரேல். "டீசல் என்றால் அப்படித்தான்" என்கிறார் புரோக்கர். (சேலம்)

பதில்: பொய். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 (புகை மாசு விதியின் புதிய கட்டம்) டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி உண்டு, குழாய் கிட்டத்தட்டச் சுத்தமாகவே இருக்கும். கறுத்திருந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கும், அல்லது உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்திருப்பார்கள். லிஃப்டில் ஏற்றிப் புது வெல்டிங் தடம் தெரிகிறதா பாருங்கள். ஸ்கேனரில் டி.பி.எஃப் அழுத்த வேறுபாட்டைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரை மிதியுங்கள். எண் ஏறாமல் பூஜ்ஜியத்திலேயே நின்றால் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை. புது வடிகட்டிக்குச் சில மாடல்களில் லட்சத்தைத் தாண்டும். அதற்கு முந்தைய பி.எஸ்.4 டீசல் என்றால் புரோக்கர் சொல்வதில் நியாயம் உண்டு, பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டியே கிடையாது.

கேள்வி: போட்டோ பார்த்து 50,000 முன்பணம் அனுப்பிவிட்டேன். ஐந்து வருட கார், சைலன்சர் பளபளவென்று இருக்கிறது. நல்ல இஞ்சின்தானே? (ஓசூர்)

பதில்: யாரோ துடைத்திருக்கலாம், பளபளப்பை வைத்து இஞ்சினைச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியைப் பணம் அனுப்பும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கரி போக சைலன்சருக்குள் தண்ணீர் பீய்ச்சலாமா?

பதில்: கூடாது. துணி போதும்.

கேள்வி: பழைய கார் விற்கும் கடையில் வாங்கினேன். "இஞ்சின் வேலை இல்லை" என்று எழுதியே கொடுத்தார்கள். பார்க்கப் போனபோது இஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நீலப் புகை, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. (திருநெல்வேலி)

பதில்: உங்கள்மேல் தப்பில்லை. ஆறிய இஞ்சினின் புகை தெரியாதபடி சூடாக வைத்திருந்த காரை நம்பி வாங்கி, பிஸ்டன் ரிங் வேலைக்குச் செலவழித்தவன்தான் நானும். சிறிது நேரம் ஐடிலில் விட்டு மிதித்ததும் குப்பென்று புகைத்தால் வால்வ் சீல், இழுக்கும்போதெல்லாம் புகைத்தால் ரிங். டர்போ இருந்தால் அதன் சீலையும் பார்க்க வேண்டும். இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) செய்து, மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். பிரித்துவிட்டால் கடைக்காரர் பழியை உங்கள் மெக்கானிக்மேல் போடுவார். எழுதிக் கொடுத்த தாள், பில், ஆயில் ஊற்றிய ரசீதுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். காருக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.