அப்பளம் நமத்துப் போகிற நாளில் கிட்டார்

கேஸுக்குள் (கிட்டார்ப் பெட்டிக்குள்) இருக்கும் கிட்டாரின் ஈரப்பதம் பற்றி வாசகர்கள் அனுப்பிய ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அண்ணாச்சி, சாரல் தொடங்கியதிலிருந்து கிட்டாரை ஹார்டு கேஸை விட்டு வெளியே எடுக்கவில்லை. செருப்பு டப்பாவில் வந்த சிலிக்கா பொட்டலம் நான்கு போட்டிருக்கிறேன். அரிசியையும் துணியில் முடிந்து வைத்தேன். ஆனாலும் ஈரப்பத மீட்டர் 78 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. என்ன தப்பு?
– மேலகரம் வாசகர்

முதலில் மீட்டர் சரியா என்று பாருங்கள். மலிவான டிஜிட்டல் மீட்டர் ஐந்து புள்ளி கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். பாட்டில் மூடி ஒன்றில் கல்லுப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். மேலே தண்ணீர் மிதக்கக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் வைத்து மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

மீட்டர் சரி என்றால் தப்பு அளவில்தான். கிட்டார் போக, கேஸுக்குள் இருக்கும் காற்று சுமார் 40 லிட்டர். அதில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஒரு கிராம் தண்ணீர்தான் தேறும். மீதி ஈரம் முழுவதும் மரத்தில் இருக்கிறது. 80 சதவீத ஈரக் காற்றில் ஊறிய மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். கிட்டாருக்கு ஏற்ற 50 சதவீதக் காற்றில் அது 9 சதவீதமாகும். கிட்டாரில் ஒன்றரை கிலோ மரம் என்று வைத்தால், நூறு கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். கேஸின் உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணியின் ஈரம் தனி. நீங்கள் போட்ட நாலு பொட்டலமும் சேர்ந்து குடிப்பது இரண்டு கிராம் இருந்தால் அதிகம். அரிசியோ தானே பன்னிரண்டு, பதின்மூன்று சதவீத ஈரத்தோடு இருப்பது. அது ஈரத்தை உறிஞ்சுவதற்கு முன்னால் வண்டு வந்துவிடும்.

கெமிக்கல் கடையில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் உதிரியாகக் கிடைக்கும். 200 கிராம் வாங்கி, மெல்லிய காடாத் துணியில் நூறு நூறாக இரண்டு பை தைத்து, ஒன்றைத் தலைப்பகுதிக்கு அடியிலும் இன்னொன்றைக் கழுத்துக்குக் கீழ் உள்ள அறையிலும் வையுங்கள். நீல நிறம் வேண்டாம். அதில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் உப்பு உண்டு. மணிகள் பச்சையானதும் ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆரஞ்சாகும். அடுப்பில் வாணலியில் போட்டு வறுத்தால் சூடு எகிறி நிறமே செத்துவிடும். ஆறுவதற்குள் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுங்கள். திறந்து வைத்தால் வீட்டு ஈரத்தையே குடித்து முடித்திருக்கும். இரண்டு மூன்று தடவை இப்படிச் சுற்ற வேண்டிவரும். மரம் நிதானமாகத்தான் ஈரத்தை விடும், ஆகவே இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

மீட்டர் 50-ஐத் தொட்டதும் சிலிக்காவை எடுத்துவிடுங்கள். அதற்கு நிறுத்தத் தெரியாது. 30 வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகுதான் 49 என்று எண் போட்ட இருவழிப் பொட்டலங்களுக்கு வேலை. உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் ஈரம் கூடினால் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கொடுக்கும். ஊறிப்போன கிட்டாரில் முதலிலேயே அதைப் போட்டால் ஒரு வாரத்தில் தலையணை மாதிரி உப்பி நின்றுவிடும், காசும் போச்சு.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு எடுத்தபோது கம்பிகள் விரல் பலகையை விட்டு உயர்ந்திருந்தன. அழுத்தினால் விரல் வலிக்கிறது. சேடிலை (கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டை)த் தேய்த்து இறக்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
– பாளையங்கோட்டை வாசகர்

இப்போது செய்யாதீர்கள். ஐப்பசியில் கதவு இறுகுகிற அதே சமாசாரம்தான் இது. கிட்டாரின் மேல்பலகையான ஸ்ப்ரூஸ் மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில்தான் விரியும். 40 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் 9-லிருந்து 16-க்கு ஏறினால், தடையில்லாமல் விட்டால் 4 மி.மீ. அகலும். ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் போக இடமில்லை. மேல்நோக்கி ஊதி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜையும் கூடவே தூக்குகிறது.

பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். ஓரங்களில் 2, 3 மி.மீ. இடைவெளி பல மாடல்களில் இயல்பு. ஐந்தைத் தாண்டினால் ஊதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

12-ஆவது ஃப்ரெட்டில் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவதில்) 1 மி.மீ. இறக்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். வெளியே தெரிவதே 3 மி.மீ. சொச்சம்தான். பங்குனியில் பலகை படியும்போது கம்பிகள் ஃப்ரெட்டில் உரசி இரையும். தேய்த்த எலும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. கேஸை 50-க்குக் கொண்டுவந்து மூன்று வாரம் வைத்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள்: தடித்த கம்பியின் அடியில் 2.4, மெல்லிய கம்பியின் அடியில் 1.8 மி.மீ. இருந்தால் கை போட வேண்டாம். அதற்குள் வாசித்தே ஆக வேண்டுமென்றால், மழைக்கென்று தாழ்ந்த சேடில் ஒன்றைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு பழையதைப் பத்திரப்படுத்துங்கள். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் கழுத்தின் வளைவு மாறுமே தவிர, ஊதிய வயிறு இறங்காது.

ஆனி, ஆடிக் காற்றில் ஃப்ரெட் முனைகள் கையைக் குத்துகின்றன. சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைக்கலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

முனை வளரவில்லை. ரோஸ்வுட் விரல் பலகை சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை, அவ்வளவுதான். ஆனால் மீட்டரில் மதியம் 43 என்று பார்த்ததும் பதறாதீர்கள். விடியற்காலை 25 டிகிரியில் 80 சதவீதம் காட்டும் காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டும் குறையாமலேயே அது 43 ஆகிவிடும். மூடிய கேஸுக்குள் மரம் இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரியைத்தான் பிடிக்கும்.

மூடிய கேஸில் ஒரு வாரம் தொடர்ந்து 40-க்குக் கீழே நின்றால் மட்டும் ஸ்பாஞ்சு. நம் பக்கத்தில் அப்படி நிற்பது பெரும்பாலும் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில்தான், அறையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். டப்பா மூடியில் 3 மி.மீ. துளை எட்டுப் போடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கத்தான் ருசி, இதற்கு பேட்டரித் தண்ணீர் போதும், உப்பும் படியாது. ஸ்பாஞ்சை நனைத்து, அழுத்தினால் ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிந்து, துளைகள் மேலே பார்க்க, தலைப்பகுதிக்கு அடியில் வையுங்கள். ஒலித்துளைக்குள் போடாதீர்கள். உட்பக்க மரத்துக்கு வார்னிஷ் கிடையாது. ஒரு சொட்டு விழுந்தாலும் கறையும் பூஞ்சையும்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்து, முதல் மழைக்கு எடுத்துவிடுங்கள். முனைக்கு அரம் போடுவதானால் கிட்டார் 50-க்கு வந்த பிறகு.

கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கிறது. கேஸுக்குள் வெள்ளைப் பூஞ்சை வேறு.
– உவரி வாசகர்

கடற்காற்றின் உப்பும் கை வியர்வையும் சேர்ந்த வேலை. வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பூச்சுக் கம்பி போடுங்கள். பூஞ்சை பிடித்த கேஸை, கிட்டாரை வெளியே வைத்துவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் திறந்து காய வைத்து பிரஷ் போட்டு உதறுங்கள். கிட்டாருக்கு வெயில் கூடாது. பாச்சை உருண்டை போடாதீர்கள், வாடை மரத்திலிருந்து போகவே போகாது. கேஸைச் சிமென்ட் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். துணிப் பையில்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதற்குள் சிலிக்கா போடுவது உவரிக் கடற்கரையையே காய வைக்கப் பார்ப்பது போல.

காரில் கிட்டாரை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் என்ன ஆகும்?
– வள்ளியூர் வாசகர்

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பிரிட்ஜை ஒட்டிய பசை அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். கம்பிகளோ ஆளொருவர் எடைக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு தாள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் உடனே கம்பிகளைத் தளர்த்தி, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த தடவை கேஸையும் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், மண்டபத்தில் ஏ.சி. இருந்தால், வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் கேஸைத் திறக்காதீர்கள், குளிர்ந்த மரத்தில் வியர்க்கும்.